கமண்டலத்தில் அடங்காத மீன்

பாத்திரம் போதவில்லை என்ற சிக்கலில் தொடங்குகிறது மச்சாவதாரக் கதை. பாகவதத்தின் எட்டாம் கந்தத்தில் வருகிறது அது. திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் தர்ப்பணம் செய்கையில் அவன் கைநீரில் ஒரு சின்னஞ்சிறு மீன் வந்து விழுகிறது. ஆற்றில் விட்டால் பெரிய மீன்கள் தின்றுவிடும் என்று அது கெஞ்ச, கமண்டலத்தில் போட்டு எடுத்துப் போகிறான். விடிவதற்குள் கமண்டலம் போதவில்லை. பானைக்கு மாற்றினால் ஒரு முகூர்த்தத்துக்குள் மூன்று முழம் வளர்ந்துவிடுகிறது. அப்புறம் குளம், ஏரி, கடைசியில் கடல். ஒவ்வொரு தடவையும் அரசன் செய்தது ஒரே வேலைதான், இன்னும் பெரிய பாத்திரமாகப் பார்த்தான்.

அந்த மீனுக்கு ஆந்திரத்தின் சத்தியவேட்டுக்கு மேற்கே, நாகலாபுரத்தில் கோயில் இருக்கிறது. மூலவர் வேதநாராயணர், இடுப்புக்குக் கீழே மீன் வடிவம். ஊருக்குக் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரை வைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. சன்னதி மேற்கு நோக்கியது. ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் சாயங்கால வெயில் வாசல் வாசலாகக் கடந்து கருவறைக்குள்ளே போகிறது. முதல் நாள் பாதத்தில், மறுநாள் நாபியில், மூன்றாம் நாள் திருமுடியில் விழுகிறது. சூரிய பூஜை என்று அதை விழாவாகவே எடுக்கிறார்கள். ஆண்டில் ஒரு சில நாள், அதிலும் சில நிமிடம் வரும் வெளிச்சம். அதைப் பிடித்து வைக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

பிடித்து வைக்கிற ஏற்பாடெல்லாம் அக்கம்பக்கத்து ஆலைகளில் நடக்கிறது. சத்தியவேடு மண்டலத்து மாதன்னபாளையத்தில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலை. அந்த நிறுவனம் 2022 அக்டோபரில் அறிமுகம் செய்த விடா மின் ஸ்கூட்டரில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போய் சார்ஜ் போடலாம். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் அமரராஜா. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து ஊர் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய நிறுவனம். அமரான் என்று கார் பானட்டுக்குள் பச்சை நிறத்தில் உட்கார்ந்திருப்பது அவர்கள் சரக்குதான். 2022 செப்டம்பரில் திருப்பதி மின்னணு வளாகத்தில் முனோத் நிறுவனம் லித்தியம் செல் தயாரிப்பின் முன்னோட்டத்தைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி செல்கள் 20,000, ஆண்டுக்கு 270 மெகாவாட் மணி என்று அதன் திறனை அரசு அறிவித்தது. ஒரு காலத்தில் தீப்பெட்டிக்கு சிவகாசி என்று சொன்னதுபோல, பேட்டரிக்குத் திருப்பதி என்று சொல்லும் நாள் தூரத்தில் இல்லை.

இந்த வட்டாரத்தில் எல்லை என்ற விஷயமும் ஒரு மாதிரிதான். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி படாஸ்கர் எல்லைத் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போய் சத்தியவேடு தாலுகா உருவாயிற்று. 2022 ஏப்ரல் 4 முதல் அது சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வேறு மாநிலம், பேச்சு மட்டும் அதே தமிழ். கோடு எங்கே போடுவது என்பது இந்த மண்ணுக்குப் பழைய கேள்வி. எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதும் கோடு போடுகிற கேள்விதான்.

அந்தக் கேள்வியை இன்றைக்கு முகத்துக்கு நேராகக் கேட்பது கேரவன் வண்டி. நம்மவர்களுக்கு கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும், பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமும் நடிகரின் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆந்திரக்காரருக்கு வேறொன்று நினைவிருக்கும். 1982இல் என்.டி. ராமாராவ் பழைய ஷெவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டி, சைதன்ய ரதம் என்று பெயர் வைத்து, மாதக்கணக்கில் தெருவிலேயே வாழ்ந்து மாநிலம் முழுக்கச் சுற்றினார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். இப்போது அது சாமானியக் குடும்பத்து ஆசையாகவும் மாறிவருகிறது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி நாட்டில் இருக்கிறது. டெம்போ டிராவலரை வாங்கி, பட்டறையில் கொடுத்து, கட்டிலும் சிங்க்கும் ஃபிரிட்ஜும் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

கிளம்பியவர்கள் இரண்டாவது பயணத்துக்குள் கேட்கும் கேள்வி ஒன்று. "இன்னொரு பேட்டரி போடலாமா?"

இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் தெரியும். கீழே ஒரு 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி, அமிலத்தோடு சேர்த்து ஐம்பது அறுபது கிலோ. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 யூனிட். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும், ஆகவே கைக்கு வருவது 0.9. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிற எல்.எஃப்.பி. வகையில் 100 ஆம்பியர் மணி பேட்டரி 1.28 யூனிட் கொள்ளும். அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம். எடை சுமார் பன்னிரண்டு கிலோ. விலையைக் கேட்டதும் எழுந்துபோகிறவரும் எடையைக் கேட்டதும் திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

இனி செலவுப் பக்கம். நான்கு பேர் இருக்கிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம். இருபத்தைந்து வாட் மின்விசிறி இரண்டு, இரவு முழுக்கப் பத்து மணி நேரம். ஐம்பது வாட் ஃபிரிட்ஜ், நாளில் பாதி நேரம் ஓடுவது. நான்கு போன், மூன்று மணி நேரம் ஒரு லேப்டாப், தண்ணீர் ஏற்ற ஒரு சிறு பம்ப். கூட்டினால் ஒன்றரை யூனிட் வரும். கூரையில் 400 வாட் சோலார் தகடு இருந்தால், வெயில் நாளில் கிட்டத்தட்ட அவ்வளவையே திருப்பித் தந்துவிடும். வரவும் செலவும் நேர்.

பிறகு ஏசி வருகிறது. சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரி தாண்டுகிற ஊரில் ஏசி கேட்பது பாவம் ஒன்றுமில்லை. சிறிய இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 800 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 6.4 யூனிட். ஒன்றரை யூனிட் குடும்பம் ஒரே இரவில் எட்டு யூனிட் குடும்பம் ஆகிவிட்டது. அதற்கு 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஏழு வேண்டும். அவற்றை மறுநாள் நிரப்பக் கூரையில் இடம் போதாது. இடம் போதாததால் ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கலாம் என்பார்கள். லித்தியம் கொடுத்ததையெல்லாம் குடிக்கும். நடுவில் டி.சி. டு டி.சி. சார்ஜர் வைத்துக் கட்டுப்படுத்தாவிட்டால் ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். ஆயிரத்து ஐந்நூறு வாட் இழுத்தால் 12 வோல்ட் கம்பியில் 125 ஆம்பியருக்கு மேல் ஓடும், ஆகவே கட்டைவிரல் பருமனில் ஒயர். லக் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் சற்றே தளர்ந்திருந்தாலும் போதும், அந்த முனையில் சூடேறி உறை பழுப்பாகும், அப்புறம் உருகும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும் என்று மெக்கானிக் அடித்துச் சொல்வது அதனால்தான். பழைய பேட்டரிக்குப் பக்கத்திலேயே புதியதைக் கட்டினால் நோஞ்சான் பழையது தெம்பான புதியதையும் தன் வயதுக்கு இழுத்துவிடும். அதனால் இருப்பதையும் மாற்றியாக வேண்டும். கமண்டலம், பானை, குளம் என்று போன அரசனின் கதைதான் இது. என்ன வித்தியாசம் என்றால், இங்கே வளர்கிற மீன் பகவான் இல்லை.

ஆம்பியர் மணியை விட்டுவிட்டு நாள் கணக்கில் கேட்டால் கேள்வி தெளிகிறது. வெயிலே இல்லாவிட்டால் இந்த வண்டி எத்தனை நாள் தாங்க வேண்டும்? சோலார் அமைப்பு போடுகிற எந்தப் பொறியாளரும் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே தர்மசாஸ்திரக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் இல்லறத்தில் இருக்கும் பிராமணனை நான்கு வகையாகப் பிரிக்கிறது. பிரிப்பதற்கு வைத்துக்கொண்ட அளவுகோல் பக்தியோ படிப்போ இல்லை, கையிருப்பு. குதிர் நிறையத் தானியம் வைத்திருப்பவன், பானை நிறைய வைத்திருப்பவன், மூன்று நாளுக்கு வைத்திருப்பவன், நாளைக்கு என்று எதுவும் வைக்காதவன். பின்னால் வருகிறவன் முன்னால் வந்தவனைவிட மேல் என்று முடிக்கிறது நூல். குதிர் என்றால் மூன்று ஆண்டுக்கா, பன்னிரண்டு நாளுக்கா என்று உரைகாரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். மனுவை எடுத்தால் கூடவே வருகிற மற்ற சங்கதிகளுக்கு இங்கே வக்காலத்து இல்லை. சேமிப்பை நாளால் அளக்கும் யோசனை மட்டும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

பௌத்தத் துறவிகள் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். இன்று ஏற்ற உணவு நாளைக்கு ஆகாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகியவை மருந்தாகவும் பயன்படுவதால் ஏழு நாள் வைக்கலாம். கூடுதலாகக் கிடைத்த திருவோட்டைப் பத்து நாளுக்கு மேல் கையில் வைக்கக்கூடாது. பொருளைப் பொறுத்து நாள் மாறுகிறது. உணவு, மருந்து, பாத்திரம் மூன்றுக்கும் ஒரே தராசு பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருக்கும் பயணிக்கும், ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் வைத்திருக்கும் பயணிக்கும் ஒரே கையிருப்பை விதிப்பது மடத்தனம் என்பது அந்தச் சங்கத்துக்குத் தெரிந்திருக்கும்.

விவிலியத்தின் யாத்திராகமம் இன்னொரு பயணக் கூட்டத்தைக் காட்டுகிறது. எகிப்தை விட்டு வந்து வனாந்தரத்தில் நாற்பது வருஷம் கூடாரம் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். விடியற்காலையில் மன்னா என்ற உணவு கிடக்கும், ஆளுக்கு ஓர் ஓமர் பொறுக்கிக்கொள்ளலாம், ஏறக்குறைய இரண்டு லிட்டர் வரும் அளவு அது. பேராசைப்பட்டு விடிய வைத்தவனுடையது புழுத்து நாறிற்று. ஆறாம் நாள் மட்டும் இரட்டை அளவு, ஏனென்றால் ஏழாம் நாள் ஓய்வுநாள், அன்று வானத்திலிருந்து எதுவும் வராது. அந்த இரண்டாம் பங்கு புழுக்கவில்லை. வரவு நிற்கும் நாள் எது என்று தெரிந்து, அதற்கு மட்டும் கூடுதல் வைப்பது. சோலார்காரர் கணக்கும் இதுவேதான்.

புழுத்த மன்னாவுக்கு பேட்டரியிலும் ஒரு நிகர் உண்டு. லித்தியம் செல்லை நூறு சதவீதம் நிரப்பி, வெக்கையான இடத்தில் சும்மா வைத்திருந்தால், ஒரு யூனிட்கூடச் செலவழிக்காமலே அது கிழடாகிறது. பயணமில்லாத மாதங்களில் பாதி சார்ஜில் விடச் சொல்வதற்கு அதுவே காரணம். ஈய பேட்டரி நேர்மாறு. காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து சாகும், அதை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும். ஒன்றுக்கு நிறைவு பகை, மற்றதற்கு வறுமை பகை. ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு துறவறத்தைப் பரிந்துரைக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இல்லறத்தாருக்குப் பொருந்தும் விடையைத் தேடினால் சமணத்தில் பரிக்ரக பரிமாண விரதம் கிடைக்கிறது. துறவி எல்லாவற்றையும் விடுகிறான். இல்லறத்தான் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்கிறான். உபாசகதசா என்ற ஆகம நூலின் முதல் கதை ஆனந்தன் என்ற வணிகனுடையது. மகாவீரர் முன்னால் நின்று அவன் தன் வரம்புகளைச் சொல்கிறான். நான்கு கோடிப் பொன் கருவூலத்தில், நான்கு கோடி வட்டிக்கு, நான்கு கோடி நிலபுலன்களில். பத்தாயிரம் மாடு கொண்ட மந்தை நான்கு. ஐந்நூறு ஏர். தூரப் பயணத்துக்கு ஐந்நூறு வண்டி, சரக்கு ஏற்ற ஐந்நூறு வண்டி. நாலு கோடி, ஐந்நூறு வண்டி என்று கேட்டால் விரதமா விளம்பரமா என்று சந்தேகம் வரும். அவன் இருப்பதில் ஒரு காசைக் குறைக்கவும் இல்லை. ஆனால் பட்டியல் அத்தோடு நிற்பதில்லை, பல் துலக்கும் குச்சி வரைக்கும் இறங்கிவருகிறது. பச்சை அதிமதுரக் குச்சி தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறான். பெரும் பணக்காரன் ஒருவன் தன் காலைப்பொழுதின் குச்சியை எண்ணிப் பார்த்த இடம்தான் கதையில் கனமானது.

கேரவன்காரர் ஒருவர் ஃபிரிட்ஜில் தொடங்கி போன் சார்ஜர் வரை ஒவ்வொன்றுக்கும் வாட்டும் மணியும் எழுதி உட்காரும்போது செய்வது ஆனந்தன் செய்த காரியமே. வேறுபாடு ஒன்று உண்டு. ஆனந்தன் பட்டியல் போட்டபிறகு வாங்குவதை நிறுத்தினான். நம்மவர்கள் வாங்கியபிறகு பட்டியல் போடுகிறார்கள்.

சேமிப்புக்கு வரம்பு கட்டச் சொல்லும் இந்தப் பேச்சுக்கு எதிர்வாதம் வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. நபிகள் நாயகம் தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததாக புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. விலையேற்றத்துக்காகப் பதுக்குவதைத் தடுத்த அதே மரபுதான் இது. வீட்டாருக்காகச் சேர்ப்பது வேறு, ஊரார் வயிற்றில் அடிக்கச் சேர்ப்பது வேறு. நாளைக்கு என்று எதுவும் வைக்காதவன் உயர்ந்தவன் என்று நூல் சொல்லலாம், அவன் வீட்டில் அடுப்பு மூட்டுகிறவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. இந்த வட்டாரத்துக்கு ஐப்பசி கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் 5ஆம் தேதி பாபட்லா அருகே கரையைக் கடக்கும் முன் சென்னையை மூழ்கடித்தது, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வானத்தில் கூரைத் தகடு வழக்கத்தில் கால்பங்குகூடத் தராது. மூன்று நாள் கையிருப்பு அங்கே பேராசை ஆகாது. மச்சாவதாரக் கதையிலும் ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுத்து, படகில் மூலிகையும் விதைகளும் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறது மீன். பிரளயத்துக்கு வெறுங்கையோடு வா என்று சொல்லவில்லை. ஆனால் விளக்குக்கு எண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை. இருண்ட கடலில் ஏழு ரிஷிகளின் ஒளியிலேயே படகு போகும் என்கிறது பாகவதம். எதை ஏற்றுவது என்பதோடு எதை ஏற்றத் தேவையில்லை என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கையிருப்பை விட வேறொரு வழியும் உண்டு என்பதற்குத் திருப்பதி வட்டாரத்திலேயே கதை இருக்கிறது. இராமாநுஜரின் தாய்மாமன் திருமலை நம்பி, வேங்கடவனின் அபிஷேகத்துக்காகத் தினமும் பாபவிநாசம் வரை நடந்து போய்க் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தார். வயதாகியும் விடவில்லை. ஒருநாள் வழியில் ஒரு வேடன் தாகம் என்று கேட்க, பெருமாள் தீர்த்தம் ஆயிற்றே என்று நம்பி மறுக்க, வேடன் பின்னாலிருந்து குடத்தில் துளையிட்டுக் குடித்துவிடுகிறான். கலங்கி நின்றவருக்கு அவனே அம்பு எய்து, பக்கத்திலேயே ஓர் ஊற்றைக் காட்டி மறைகிறான். அதுதான் ஆகாசகங்கை. திருமலையில் தண்ணீர் அமுது உற்சவம் இன்றும் இந்த நிகழ்ச்சியை நடித்துக் காட்டுகிறது.

கவனிக்க வேண்டியது, நம்பிக்குப் பெருமாள் பெரிய குடம் கொடுக்கவில்லை. இருந்த குடத்தையும் ஓட்டை போட்டார். பிறகு ஊற்றைப் பக்கத்தில் கொண்டுவந்தார். கொள்ளளவைக் கூட்டுவது ஒரு தீர்வு, வரவைப் பக்கத்தில் இழுப்பது இன்னொரு தீர்வு. கூரையில் இன்னொரு 200 வாட் தகடு போட்டால் ஒரு பேட்டரி மிச்சம். வண்டியை மத்தியானம் மரநிழலில் நிறுத்தினால் ஏசியின் பசி குறையும், ஆனால் தகட்டின் வரவும் குறையும். சுருட்டி எடுத்து வெயிலில் விரிக்கும் தகடு அந்தச் சண்டையைத் தீர்க்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கரண்ட் உள்ள இடத்தில் தங்கினால் இன்னும் சுலபம். கூடவே வண்டிச் சுவரில் வெப்பம் தடுக்கும் அட்டை ஒட்டினால் எட்டு யூனிட் ஐந்தாகலாம். இதெல்லாம் கடைக்காரர் முதலில் சொல்லும் யோசனைகள் இல்லை. அவர் விற்பது குடம்.

வற்றாத குடமே கிடைத்துவிட்டால்? அதையும் தமிழ்க் காப்பியம் யோசித்துவிட்டது. மணிமேகலையில் ஆபுத்திரன் கையில் இருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. கப்பலில் போனவன் மணிபல்லவத் தீவில் தவறிப்போய்த் தனியாக நின்றுவிடுகிறான். பாத்திரம் இருக்கிறது, பசியோடு வந்து கையேந்த ஓர் ஆள் இல்லை. தன் வயிற்றுக்கு மட்டும் அந்தப் பாத்திரம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். எல்லையற்ற கொள்ளளவும் கொடுக்க ஆளில்லாத இடத்தில் பாரமே என்று ஒரு கதாபாத்திரத்தைச் சாகவிட்டுச் சொன்னார் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார். கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் வெள்ளக் காலத்தில் இன்வெர்ட்டர் வைத்திருந்த ஒரு வீட்டு வாசலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீட்டி, தெருவே போன் சார்ஜ் போட்ட காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஆபுத்திரன் பைத்தியக்காரனாகத் தெரிய மாட்டான். ஒரு யூனிட்டில் அறுபது போனுக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். ஏசிக்கு அது ஒரு மணி நேரச் சொச்சம். அதே கையிருப்புதான், யாருக்கு என்பதில்தான் அதன் தன்மை மாறுகிறது. ஓராண்டு உணவையும் பதுக்கலையும் பிரித்த கோடும் இந்த இடத்தில்தான் ஓடுகிறது.

உடைமையைச் சமணர்கள் அகிம்சையோடு சேர்த்தே பேசினார்கள். சேர்த்த பொருளுக்குப் பின்னால் எங்கோ ஓர் உயிர்வதை இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. பேட்டரி விஷயத்தில் அதைக் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை. சிலி நாட்டு அட்டகாமா உப்புவெளியில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, வெயிலில் காயவிட்டு லித்தியம் எடுக்கிறார்கள். உலகின் மிக வறண்ட நிலங்களில் ஒன்று அது. ஈயத்தின் கதை இன்னும் பக்கத்தில். பழைய பேட்டரியைத் திறந்தவெளியில் உடைத்து உருக்கும் பட்டறைகளின் புகையும் தூசும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேர்கிறது. உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதற்கான காரணங்களில் இப்படி முறையில்லாமல் உருக்குவதையும் முன்வரிசையில் வைத்தது.

ஆகவே இன்னொரு பேட்டரி போடலாமா என்று கேட்பவருக்கு முன்னால் உண்மையில் இரண்டு பேட்டரி இருக்கின்றன, வரப்போவது ஒன்று, போகப்போவது ஒன்று. போகிறதை எடைக்குப் போட்டுப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு என்பதால் காயலான் கடைக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து கூடுதல் தருவார். அவர் எங்கே கொண்டுபோகிறார் என்று யாரும் கேட்பதில்லை. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் ஈயம், லித்தியம் என்று எல்லா வகைக்கும் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. விற்றதைத் திரும்பப் பெற்று, அங்கீகாரம் பெற்ற இடத்தில் மறுசுழற்சி செய்ய வேண்டும். எல்.எஃப்.பி. செல்லில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை. மற்ற லித்தியம் வகைகளைவிட விலை மலிவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். உடைத்துப் பிரிப்பவருக்கு லாபம் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே பத்து வருஷம் கழித்து அந்த ஏழு பெட்டிகளைத் தேடிக் காயலான் கடைக்காரர் வாசலுக்கு வருவார் என்று நம்பி இருக்க முடியாது. வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, விற்ற நிறுவனத்திடமே திருப்பி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.